வேடந்தாங்கல் சரி... மல்லாங்கிணறு 'காட்டு'ப் பறவைகளை எண்ணுவது யார்?

மல்லாங்கிணறு பக்கம் ஒருவர் 'காட்டுக்குப் போறேன்' என்று கிளம்பினால் யானை, புலியைக் கற்பனை பண்ண வேண்டாம். கரிசல் வட்டாரப் பேச்சில் 'காடு' என்றால் மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம். விதைக்காமல் போட்டுவிட்டால் அதே நிலத்துக்கு ஏட்டில் பெயர் 'தரிசு'. கேட்பவர் மனதில் அது 'சும்மா கிடக்கிற இடம்' ஆகிவிடுகிறது.

நிஜமாகவே சும்மா கிடக்கிறதா?

தை மாதக் காலையில் வண்டிப்பாதையில் ஒரு நடை போனால் போதும். கரண்ட் கம்பியில் பனங்காடை. கிணற்று மோட்டார் ஓடும் தோட்டத்தில், தண்ணீர் பாயப் பாய வெளியே வரும் பூச்சிகளைக் கொத்தும் உண்ணிக்கொக்கு, வாலாட்டி. தோட்டம் தாண்டிய பொட்டலில் கவுதாரி, வானம்பாடி. கூழாங்கல் மாதிரியே முட்டையிடும் ஆள்காட்டிக்கு வெறும் தரைதான் கூடு.

குளிர்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து தென்தமிழகம் வரும் பூனைப்பருந்தும் இப்படித்தான். பகலில் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும்; இரவில் மரத்தில் அடையாது, புல்தரையில்தான் படுக்கும்.

சிக்கல் இங்கேதான். 'தரிசாத்தானே கிடக்கு, மரம் நடுவோம்' என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் திறந்தவெளிப் பறவைக்கு அது வீட்டைப் பறிப்பது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் நிற்கிறது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதல்ல வாதம். இத்தனை பெரிய நிலத்தை ஒதுக்குவதற்கு முன்னால், அங்கே என்னென்ன இருக்கிறது என்று யாராவது எண்ணியிருக்க வேண்டும்.

அந்த வேலையைப் பொதுமக்களே தொடங்கலாம். தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, அடையாளம் தெரிந்த பறவைகளையும் எண்ணிக்கையையும் 'இ-பேர்ட்' செயலியில் ஏற்ற வேண்டும், செயலி இலவசம். ஆனால் பைனாகுலரோடு கிளம்பும் பலரும் நேராகக் கண்மாய்க்கரைக்குத்தான் போகிறார்கள். கண்மாய்க்குப் பட்டியல் சேருகிறது, காட்டுக்குச் சேருவதில்லை. பட்டியல் இல்லாத நிலத்துக்காகப் பேச ஆதாரமும் இருக்காது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? கண்மாயில் ஒரு லிஸ்ட் போட்டால், காட்டில் இன்னொன்று போடுங்கள். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வரப்பிலேயே நில்லுங்கள். பூனைப்பருந்து அடையும் இடம் தெரிந்தால் மட்டும் அதை ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.