படைவீரரிடம் கேட்க வேண்டிய கேள்வி

சென்னையில் தியாகராய நகர் கடைகளிலும் அடையாறு குடியிருப்புகளிலும் காவல் நிற்பவர்களில் முன்னாள் படைவீரர்கள் பலர். சிப்பாய்களில் பெரும்பாலோர் நாற்பதையொட்டிய வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். தோழர்கள், மரியாதை, அன்றாட ஒழுங்கு எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. பணியில் இருப்பவர்களின் நிலையும் கவலைக்குரியதே: 2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு அளித்த பதிலின்படி, முந்தைய ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் தற்கொலையால் இறந்தவர்கள் 819 பேர், அவர்களில் 642 பேர் தரைப்படையினர். எல்லையில் உயிர்விட்டவருக்கு ஊரே திரண்டு அஞ்சலி செலுத்துகிறது. தற்கொலையால் இறந்தவரின் குடும்பமோ கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறது. இது அநியாயம். பட்டாளத்துக்காரன் கலங்கலாமா என்று கேட்டுக் கேட்டே அவர்களைப் பேசவிடாமல் செய்தவர்கள் நாம்தான்.

உதவி இல்லாமல் இல்லை. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் தன்னார்வலர்கள், ராஜா அண்ணாமலைபுரத்தில் அமர்ந்து, மனம் உடைந்தவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிறார்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸில் படையினருக்கென்றே ஒரு பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கப்பட்டது. ஆனால் கூப்பிடத் துணிபவருக்குத்தான் தொலைபேசி உதவும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும்போதே, தூக்கம் வருகிறதா, வாழப் பிடிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நேரடியாகக் கேட்பது தற்கொலை எண்ணத்தை விதைப்பதில்லை என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் ஒரு படைவீரர் ஒதுங்கிப் போவதாகத் தெரிந்தால் இன்றே பேசுங்கள். டெலி-மானஸின் 14416 எண் இரவும் பகலும் இலவசம், தமிழிலும் பேசலாம்.