விண்கலம் மட்டும் போதாது

சூரியனைக் கண்காணிக்க விண்கலங்கள் இருக்க, தரையில் நியூட்ரான் மானிகளுக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார்கள். மிகுந்த ஆற்றல் கொண்ட சூரியத் துகள்கள் வருவதே சொற்பம். விண்கலத்தில் ஏறும் சிறு கருவியில் எத்தனை சிக்கும்? அவை வளிமண்டலத்தில் மோதும்போது சிதறும் நியூட்ரான்களைத் தரையில் ஈயம் சூழ்ந்த பெரிய கருவிகள் எண்ணிவிடுகின்றன. 1956 பிப்ரவரி 23-இல் சூரியன் அனுப்பிய துகள் பெருவெள்ளத்தை இவை பதிந்தன. அன்று செயற்கைக்கோளே கிடையாது. அப்படியொரு வெள்ளம் இன்று வந்தால், துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானங்களின் கதிர்வீச்சைக் கணக்கிட இவை வேண்டும். ஆனாலும் 1951 முதல் ஓடிய அமெரிக்காவின் கிளைமாக்ஸ் நியூட்ரான் மானி நிலையப் பதிவு 2006-உடன் நின்றுபோனது. புதுக் கருவியை நாளைக்கே வாங்கலாம். விட்டுப்போன வருடங்களை வாங்க முடியாது. இருக்கும் நிலையங்களுக்காவது ஒழுங்காகப் பணம் கொடுங்கள்.