நிழலை அளந்து விலை பேசுவோம்

சூரியப் பலகை தருவது நேர்திசை மின்சாரம். வீட்டுக்கு வேண்டியதோ மாறுதிசை மின்சாரம். மாற்றித் தருவது இன்வெர்ட்டர். தொடராக இணைத்த பலகைகளுக்கெல்லாம் ஒரே ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரா? பலகைக்கொரு மைக்ரோ இன்வெர்ட்டரா?

தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்று வகுப்பில் படித்தோம். ஆகவே ஒரு பலகையில் தென்னை நிழல் விழுந்தால் மற்றவையும் தளரும். பைபாஸ் டயோடு இழப்பைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது. மைக்ரோவில் இழப்பு அந்தப் பலகையோடு நின்றுவிடும். ஆனால் விலை அதிகம். பழுதானால் மாடியேறிப் பலகையைக் கழற்ற வேண்டும்.

நிழலில்லாத மொட்டை மாடிக்கு ஸ்ட்ரிங்கே போதும் என்பது என் கருத்து. கடன் வாங்கிப் பலகை பதிக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களில், முதன்முதலாகக் கல்லூரி வந்த பிள்ளையே கணக்குப் பார்க்க வேண்டும். நண்பர்களே, காலை முதல் மாலை வரை மாடியில் நிழலை அளப்போம். வியாபாரியிடம் பிறகு பேசுவோம்!