கழுவினாலும் போகாத கேன்

போன மாதம் பள்ளிக்கூடத்து மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வெள்ளைக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லேபல் பாதி உரிந்திருந்தது. மிச்சப் பாதியில் களைகொல்லி ஒன்றின் பெயர். "வீட்ல குடிக்கிற தண்ணியும் இதுலதான் புடிச்சி வைப்போம் டீச்சர்" என்றாள்.

அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதையும் வீசாமல் வளர்ந்தவர்கள்தானே நாம். உரப்பையைப் பீலியில் அலசிக் காயவைத்தால் அது மழைக்குக் கொங்காணியாகும், குளியல் மறைப்பாகும், கடைசியில் மண் நிரப்பிப் போஞ்சி நடும் பையாகும். பால்மா பக்கட்டில் மிளகாய்க் கன்று நிற்கும். அடி பிய்ந்த கொழுந்துக் கூடையில் வைக்கோல் போட்டால் கோழி அடைக்கு உட்காரும். கவ்வாத்து நடந்த மலையிலிருந்து சுமந்துவரும் மிலாறு அடுப்பெரிக்கும், அதன் சாம்பல் பாத்திரம் துலக்கும், மிஞ்சினால் கீரைப் பாத்திக்குப் போகும். எங்கள் அம்மா கிழிந்த படங்கை நான்காக மடித்துத் தைத்து வாசலில் கால்மிதியாகப் போட்டிருந்தார். நான் உயர்தரம் படித்து முடிக்கும்வரை அது அங்கேயே கிடந்தது. டவுனில் இப்போது இதற்குப் பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். சாப்பாட்டுப் பார்சலும் உண்டாம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அந்த வருடத்தை லயத்துக் குடும்பங்கள் கடந்தது இந்தக் கைப்பழக்கத்தால்தான். ஆனால் அதே கைப்பழக்கம்தான் போத்தல் லாம்பையும் செய்தது. மூடியில் ஓட்டை, ஓட்டையில் திரி, உள்ளே எண்ணெய். பூனை தட்டினாலும் விழுந்துவிடும். இப்படி லாம்பு விழுந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் 'சுதீப' என்ற விளக்கை உருவாக்கினார். குட்டையான, கனமான கண்ணாடி. சரிந்தாலும் உருளாதபடி பக்கங்கள் தட்டை. எண்ணெய் சிந்தாமலிருக்கத் திருகு மூடி. ஏழைகள் லாம்பு கொளுத்தக்கூடாது என்று அவர் புத்தி சொல்லவில்லை. அவர்கள் கையில் பாதுகாப்பான லாம்பைக் கொடுத்தார்.

கேன் விஷயத்திலும் நான் கேட்பது அதைத்தான்.

"நல்லா சோப்புப் போட்டு மூணு தரம் கழுவினது டீச்சர், வாடையே இல்லை" என்றார் அந்தப் பிள்ளையின் அப்பா. அவர் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர். வாடை போனால் மருந்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிளாஸ்டிக் கொஞ்சம் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும்; அது பிறகு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உடனே வயிற்றுவலி வராததால்தான் நமக்குப் பயமும் வருவதில்லை. மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்துத் தாங்கியிலேயே ஊற்றி, கேனில் துளைபோட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் உலகமெங்கும் சொல்லப்படும் முறை. துளை எதற்கு? இனி யாரும் அதில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றக்கூடாது என்பதற்குத்தான்.

ஆகவே உரப்பையை வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக் கேனை வைத்துக்கொள்ளாதீர்கள். குடிதண்ணீருக்கு மட்டுமல்ல, ஊறுகாய்க்கும் வேண்டாம், கோழிக்குத் தண்ணீர் வைக்க வெட்டவும் வேண்டாம், அடுப்பில் போட்டு எரிக்கவும் வேண்டாம்.

இதை வீட்டுக்காரர்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்த லயத்துப் பீலியில் காலையில் ஒரு மணித்தியாலம்தான் தண்ணீர் வருகிறது. கிடைக்கும் நேரத்தில் கிடைக்கும் பாத்திரத்தில் பிடிக்கத்தானே செய்வார்கள்? மருந்தை எண்ணிக் கொடுக்கும் தோட்ட ஸ்டோர் வெறுங்கேனை எண்ணி வாங்குவதில்லை. "அவங்க எப்படியாவது சமாளிச்சுக்குவாங்க" என்று நம் சிக்கனத்தைக் காட்டியே நமக்குத் தரவேண்டியதைத் தராமல் விடுகிறார்கள். சம்பளப் பேச்சுவார்த்தையிலும் இதே தொனியை நான் கேட்டிருக்கிறேன்.

நமது கமிட்டி மூன்று காரியம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கொடுத்த கேனும் திரும்பிய கேனும் ஸ்டோர் புத்தகத்தில் பதியப்பட வேண்டும். கேனை மருந்தடிக்கும் இடத்திலேயே துளைபோட வேண்டும். தண்ணீர் நேரம் கூடும்வரை வீட்டுக்கு ஒரு மூடிபோட்ட புதுப் பீப்பா தர வேண்டும். பீப்பாவுக்குக் காசில்லை என்று சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு எத்தனை கேன் மருந்து வாங்குகிறார்கள் என்று அப்போது கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் அப்பா கேனில் ஆணியடித்துத் துளைபோட்டு, பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டையும் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார். வாங்கிக்கொள்ளப் புத்தகம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றும் இப்போது தலைவர் வீட்டுக் கூரைக்கடியில் தொங்குகின்றன. அடுத்த கூட்டத்துக்கு அவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறோம். உங்கள் லயத்தில் இருப்பதையும் துளைபோட்டுக் கொண்டுவாருங்கள்.