பெட்டைக் குட்டியும் பத்து நாளும்

"பெட்டைக் குட்டி வேணாங்க, ஆண் குட்டி இருந்தா குடுங்க." எங்க ஊர்ல நாய்க்குட்டி கேட்டு வர்றவங்க வாயிலிருந்து வர்ற முதல் வார்த்தை இதுதான். அப்ப பெட்டைக் குட்டிங்க எல்லாம் எங்கே போகுது? சாக்குப்பையில கட்டி சயனைடு மண் மேட்டுப் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்துடுவாங்க. தாய் நாய் ரெண்டு நாள் தேடும். ஆறு, ஏழு மாசத்துல மறுபடி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும்.

எங்க ஊர்னா கோலார் தங்கவயல். 2018-லயும் 2022-லயும் வந்த படங்களுக்கு அப்புறம் இங்கே ஸ்வீடன்ல கூட வேலை பாக்கற இந்தியர்கள் "ஓ, கே.ஜி.எஃப்.பா!"ன்னு கண்ணை விரிக்கறாங்க. அவங்க நினைக்கிற கே.ஜி.எஃப். வேற, நான் பொறந்த சாம்பியன் ரீஃப் லைன் வீடு வேற :-) பத்துக்குப் பத்து ரூம், ஒரு சின்ன அடுப்படி, வாசல்ல ஒரு நாய். அந்த நாய் யாருடையதுன்னு கேட்டா மொத்த லைனும் "நம்ம நாய்தாங்க"ன்னு சொல்லும். யார் பொறுப்புன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. இந்தப் பதிவு அந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தித்தான்.

தெருநாய்ப் பிரச்சனைன்னு இப்ப எல்லாரும் பேசறாங்க. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்சநீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடிச்சுக் காப்பகத்துல அடைக்கச் சொல்லுச்சு. 22-ஆம் தேதியே அதை மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு பிடிச்ச இடத்துலயே விடுங்க, வெறிநோய் உள்ளதையும் ரொம்ப மூர்க்கமானதையும் மட்டும் விடாதீங்கன்னு சொல்லுச்சு. நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்கள்ல இருந்து நாய்களை அகற்றச் சொல்லி இன்னொரு உத்தரவு. ஒரு பக்கம் கடிபட்டவங்க கோபம், இன்னொரு பக்கம் சோறு போடறவங்க கண்ணீர். ரெண்டுமே நியாயம். ஆனா ரெண்டு பக்கமும் பேசாத ஒரு நாய் இருக்கு. கழுத்துல பட்டை, பேர், சோத்துத் தட்டு எல்லாம் இருக்கும், பகல் முழுக்க தெருவுல சுத்தும், ராத்திரி வாசல்ல படுக்கும். நம்ம லைன் நாய்.

நகராட்சி வண்டி வந்தா "இது எங்க வீட்டு நாய்ங்க"ன்னு சொல்லி விரட்டி விட்டுடுவோம். சரி, வீட்டு நாய்னா நீங்களே ஆபரேஷன் பண்ணுங்கன்னா, "நாம எதுக்குங்க, தெருவுல சுத்தற நாய்தானே"ன்னு சொல்லிடுவோம். தெருநாய்க் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கறது இந்த சந்துலதான். 2001-ல வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்லயே வளர்ப்பு நாயோட இனப்பெருக்கக் கட்டுப்பாடு, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் சொந்தக்காரர் பொறுப்புன்னு எழுதியிருந்தாங்க. 2023-ல புது விதிகளும் வந்தாச்சு. எங்க லைன்ல அதைப் படிச்சவங்க யாரும் இல்லை. அந்த 2001-லதான் சுரங்கத்தையே மூடினாங்க, விதியைப் படிக்க யாருக்கு நேரம் இருந்தது!

கொன்னு குறைக்கலாம்னு சொல்றவங்களுக்குச் சென்னையைக் காட்டணும். அங்கே மாநகராட்சி நூறு வருஷத்துக்கு மேல நாய்களைப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டே இருந்தது. நாய் குறையலை. 1959-ல ஆரம்பிச்ச புளூ கிராஸ் பல வருஷம் மல்லுக்கட்டி, 1996-ல மாநகராட்சியைக் கருத்தடைத் திட்டத்துக்கு மாத்துச்சு. இன்னைக்கும் சென்னையில நாய்த் தொல்லை தீர்ந்துடலை, ஒத்துக்கறேன். ஆனா நூறு வருஷம் செய்து தோத்த வழிக்குத் திரும்பிப் போறது புத்திசாலித்தனமா?

இங்கே ஒரு கேள்வி வரும். எங்க அக்காவே கேட்டா. "உங்க ஸ்வீடன்ல யாரும் நாய்க்கு இந்த ஆபரேஷன் பண்றதில்லையாமே, அங்கே மட்டும் தெருநாய் இல்லையே?" நல்ல கேள்வி. இங்கே பெரும்பாலானவங்க காரணமில்லாம கருத்தடை செய்யறதில்லை. பக்கத்து நார்வேயில விலங்கு நலச் சட்டமே தக்க காரணம் இருந்தாத்தான் செய்யலாம்னு சொல்லுது. ஆனா இங்கே நாய் தனியா வெளிய போகாது. 2001-லேருந்து ஒவ்வொரு நாய்க்கும் அடையாளக் குறி, சொந்தக்காரர் பேர்ல பதிவு, ரெண்டும் கட்டாயம். நாய் பருவத்துக்கு வந்தா மூணு வாரம் கயித்தை விட்டு இறக்க மாட்டாங்க. நம்ம லைன்ல கதவே பாதி நேரம் திறந்துதான் கிடக்கும். அங்கே கயிறு செய்யற வேலையை நம்ம ஊர்ல ஆபரேஷன்தான் செஞ்சாகணும்.

கயிறு மட்டும் போதும்னும் சொல்லிட முடியாது. ஸ்வீடன்ல இன்சூரன்ஸ் செய்த நாய்களோட பதிவுகளை வெச்சு நடந்த ஆய்வுல, பத்து வயசுக்குள்ள ஏறக்குறைய நாலுல ஒரு பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில சீழ் பிடிச்சிருக்கு. அப்ப ராத்திரியோட ராத்திரியா அதே கர்ப்பப்பையை எடுக்கணும், ஆனா நோயாளி நாய்க்கு, பல மடங்கு ஆபத்தோட. இங்கே ஆம்புலன்ஸ் மாதிரி வசதியும் இன்சூரன்சும் இருக்கு, பிழைச்சுக்குது. மாரிக்குப்பத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீங்க?

அடுத்தது நம்ம பெரியவங்களோட பிரியமான வாதம். "ஒரு ஈத்து போட்டுட்டு அப்புறம் பண்ணுங்கடா, பாவம்." ஒரு ஈத்து போடறதால நாயோட உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. மாறாக, 1969-ல அமெரிக்காவுல வந்த ஆய்வு ஒண்ணு, முதல் பருவத்துக்கு முன்னாடியே செய்தா மடியில கட்டி வர்ற அபாயம் ஆபரேஷன் செய்யாத நாயோட ஒப்பிட்டா நூத்துல அரைப் பங்குதான், ஒரு பருவத்துக்கு அப்புறம் செய்தா 8 பங்கு, ரெண்டுக்கு அப்புறம் 26 பங்குன்னு சொன்னது. 2012-ல இந்த ஆய்வுகளை எல்லாம் அலசினவங்க ஆதாரம் அவ்வளவு வலுவா இல்லைன்னாங்க. அதனால அந்த எண்களை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா எண்ணே இல்லாம யோசிச்சாலும், வருஷத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு நாலு குட்டின்னா எட்டு. உங்க லைன்ல எட்டு வீடு தயாரா இருக்கா?

சரி, கருத்து சொல்லிட்டுப் போறது சுலபம். செய்யற வழியையும் சொல்லிடறேன். போன வருஷம் எங்க வீட்டு ரோசிக்கு ஏழு மாசத்துல ஆபரேஷன் ஆச்சு. அம்மாவும் அக்காவும்தான் பாத்துக்கிட்டாங்க, நான் போன்ல கத்திக்கிட்டிருந்தேன்.

நடுத்தர உடம்புள்ள நம்ம நாட்டு நாய்க்கு ஆறு மாசம் வாக்குல, முதல் பருவத்துக்கு முன்னாடி செய்யறது நல்லது. பெரிய ஜாதி நாய்க்கு மூட்டு வளரட்டும்னு டாக்டர் தள்ளிப் போடுவார், அவர் பேச்சைக் கேளுங்க. பருவத்துல இருக்கும்போது செய்தா இரத்தப்போக்கு அதிகமாகும், அதனால அது முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் விடறது வழக்கம். தடுப்பூசிகளும் பூச்சி மருந்தும் முன்கூட்டியே முடிஞ்சிருக்கணும்.

எல்லாத்தையும் விட முக்கியம் உண்ணி. நம்ம பக்கத்து நாய்ங்க காதுக்குள்ள கையை விட்டா பத்து உண்ணி கிடைக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு இரத்தத்துல பிளேட்லெட் குறைஞ்சிருக்கும். வெளியே பாத்தா வாலை ஆட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கும். மேசையில கத்தி வெச்சா இரத்தம் உறையாது. ரோசியை முதல்ல கூட்டிப் போன ஒரு இடத்துல இரத்தப் பரிசோதனையே வேணாம், நாளைக்கே கொண்டு வாங்கன்னாங்க. (பேர் வேணாம்.) அக்கா அசரலை. ஒரு ஓம்னி வண்டி பிடிச்சு நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குக் கூட்டிப் போனா. அங்கே பரிசோதனையில பிளேட்லெட் கம்மி. நாலு வாரம் மாத்திரை, மறு பரிசோதனை, அப்புறம்தான் ஆபரேஷன். "டெஸ்ட் எடுக்காம செஞ்சிருந்தா?"ன்னு அம்மா கேட்டாங்க. அக்கா பதில் சொல்லலை.

முந்தின நாள் நல்லா குளிப்பாட்டிடுங்க, ஏன்னா அப்புறம் ரெண்டு வாரம் தண்ணி படக்கூடாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் குடுக்கக்கூடாது. மயக்கத்துல வாந்தி எடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். தண்ணி எப்போ நிறுத்தணும்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க. நம்ம லைன்ல இதுதான் பெரிய சவால். நீங்க பட்டினி போடுவீங்க, எதிர்வீட்டுப் பெரிம்மா "ஐயோ குழந்தை"ன்னு ஒரு இட்லி போட்டுடுவாங்க :-) அதனால அன்னைக்கு ராத்திரி நாயை உள்ளேயே கட்டுங்க, லைன் முழுக்கச் சொல்லி வைங்க.

ஆபரேஷன் முடிஞ்ச நாள் நடுக்கம், முனகல், தள்ளாட்டம் எல்லாம் இருக்கும். கதகதப்பா, இருட்டா ஒரு மூலையில தரையிலயே படுக்க வைங்க, கட்டில் மேல வேணாம். நல்லா முழிச்சதும் கொஞ்சம் தண்ணி, ராத்திரி வழக்கமானதுல பாதிச் சோறு. ஒரு நாள் சாப்பிடலைன்னா பயப்பட வேண்டாம். ஆனா உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. வெளிறிப் போயிருந்தா உள்ளே இரத்தம் கசியலாம், உடனே டாக்டர்கிட்ட ஓடணும். விடாத வாந்தி, தையல்ல சீழ், நாத்தம், பெருசாகிற வீக்கம், ரெண்டாம் நாளும் எழுந்திருக்காம கிடக்கறது, இதுக்கும் அதேதான்.

வலிக்குதேன்னு நம்ம மாத்திரையை உடைச்சுக் குடுக்காதீங்க. பாரசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. நம்ம தலைவலி மாத்திரை நாயோட வயித்தையும் கிட்னியையும் ஈரலையும் கெடுத்துடும். டாக்டர் எழுதின மருந்து, எழுதின அளவு, அவ்வளவுதான். காயத்துல மஞ்சள், வேப்பெண்ணெய், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். ஈ மொய்க்காம பாத்துக்கிட்டாலே போதும், பழைய கொசுவலை எதுக்கு இருக்கு?

அப்புறம் நக்கறது. நாய் எச்சில் புண்ணை ஆத்தும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. தையலை நக்கிப் பிரிச்ச நாயை ஒரு தடவை பாத்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. கழுத்துல கூம்பு காலர் போடணும். ரோசிக்கு அது ஒத்துக்கலை, சுவர்ல முட்டிக்கிட்டே இருந்தது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு அம்மா என்னோட பழைய பனியனை மாட்டி, வால் பக்கம் முடிச்சுப் போட்டாங்க. பத்து நாள் என் பனியனோட லைன்ல ராணி மாதிரி உக்காந்திருந்தது. ஓட்டம், தாவல், படியேறல் எதுவும் கூடாது. ஒண்ணுக்கு ரெண்டுக்குக் கயித்தோட மட்டும். பத்துலேருந்து பதினாலு நாள்ல தையல் பிரிப்பாங்க.

என் கருத்தோட மையம் இந்தப் பத்து நாள்தான். ஆபரேஷன் டாக்டர் கையில, ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும். அதுக்கப்புறம் பத்து நாள் யார் வீட்ல இருக்கறது? சுரங்கம் மூடினதுலேருந்து எங்க ஊர்ல பாதி சனம் விடிகாலை ரயில்ல பெங்களூர் வேலைக்குப் போய் ராத்திரி திரும்பறவங்க. காசை எப்படியாவது புரட்டிடுவாங்க, நாளைப் புரட்ட முடியாது. "ஏழைக்கு அக்கறை இல்லை"ன்னு சொல்றவங்க இதை யோசிக்கறதில்லை. அதனால இது ஒரு வீட்டு வேலை இல்லை, லைன் வேலை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல் போட்டுச் சேர்ற லைன், வாரத்துக்கு ஒரு பெட்டை நாய்னு முறை வெச்சு, பகல்ல வீட்ல இருக்கற ஒரு தாத்தா பாட்டி திண்ணையில பத்து நாள் கட்டிப் பாத்துக்க முடியாதா? நகராட்சியும் கால்நடைத்துறையும் அறுக்கறதுக்கு மட்டும் முகாம் போடாம, ஆறுறதுக்கும் ஒரு கொட்டகை ஒதுக்கலாம். மூடிக் கிடக்கற கட்டடத்துக்கு எங்க ஊர்ல பஞ்சமா?

வெளிநாட்ல இருக்கற தங்கவயல்காரங்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குப் பணம் அனுப்பும்போது கோயிலுக்கும் சர்ச்சுக்கும் அனுப்பறோம், நல்லது. அதோட உங்க லைன்ல ஒரு பெட்டைக் குட்டிக்கு இரத்தப் பரிசோதனை, வண்டி வாடகை, ஆபரேஷன் செலவுன்னு ஒரு தொகை அனுப்புங்க. யார் பத்து நாள் பாத்துக்கறாங்களோ அவங்க கைக்கும் ஏதாவது குடுங்க. எங்க லைன்ல ரோசிக்கு அப்புறம் இன்னும் ரெண்டு பேர் "நம்மளோடதுக்கும் எங்கே பண்றது?"ன்னு அக்காகிட்ட கேட்டிருக்காங்க. அதுல ஒருத்தர் எதிர்வீட்டுப் பெரிம்மா.

பி.கு: "ஆண் நாய்க்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேக்கறவங்களுக்கு: இருக்கு. வயித்தைத் திறக்க வேண்டாம், ஆபரேஷனும் சின்னது, செலவும் கம்மி, சீக்கிரம் ஆறிடும். நம்ம வீட்டு ஆம்பளைங்கதான் அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கறாங்க :-)