கறுப்பு அங்கி காசுள்ளவனுக்கு மட்டும்தானா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்ததும் சில பெற்றோர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். ஒருவர் விசைத்தறித் தொழிலாளி. இன்னொருவர் பஸ் கண்டக்டர். மற்றொருவர் ஒப்பந்தக் கூலியில் தெருக் கூட்டும் தாய். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளை வக்கீலுக்குப் படிக்க ஆசைப்படுகிறது. எங்கே சேர்ப்பது? நம்மால் முடியுமா?"

நம்மிடம் வருவதற்கு முன் அவர்கள் பயிற்சிக் கடைக்காரர்களிடமும் போய் வந்திருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த உபதேசம் இது: "கிளாட் தேர்வு எழுதி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால்தான் படிப்பு. மற்றதெல்லாம் வீண். அதற்கு ஓராண்டு கோச்சிங் வேண்டும். முன்பணம் கட்டுங்கள்!"

இது ஆலோசனை அல்ல, வியாபாரம். ஏழையின் ஆசையை எடை போட்டு விற்கும் வியாபாரம். இந்தப் பசப்பு வார்த்தைகளை நம்பி எத்தனையோ பிள்ளைகள் "சட்டம் நமக்கு எட்டாது" என்று திரும்பி விடுகிறார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்வது நமது கடமை.

யாருக்காக வைத்த தேர்வு?

பெங்களூரில் முதல் தேசியச் சட்டப் பள்ளி 1986-ல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்டது. நாட்டின் வக்கீல் தொழிலைச் சீர்திருத்துவோம், சமூக நீதிக்குப் பாடுபடும் வக்கீல்களை உருவாக்குவோம் என்றார்கள். நல்லது. அந்த வழியில் இன்று இரண்டு டஜனுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு 2008 முதல் நடந்துவரும் கிளாட் தேர்வுதான் வாசல்.

அந்த வாசலில் நின்று பார்ப்போம். விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் "சலுகை" உண்டாம். எவ்வளவு? 3,500 ரூபாய்! தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஆகவே, விண்ணப்பம் போடுவதற்கே பன்னிரண்டு நாள் கூலி. சலுகை கிடைத்தாலும் பத்து நாள் கூலிக்கு மேல். தேறிய பிறகு கலந்தாய்வுக்கு என்று 2025 சேர்க்கையில் கேட்ட தொகை 30,000 ரூபாய். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000. பின்னால் கட்டணத்தில் கழித்துக் கொள்வார்களாம்! முன்னால் அந்தப் பணத்தை யார் கொடுப்பது? வட்டிக்காரன்தான். அதற்குப் பின் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம்.

காசு மட்டுமா தடை? தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். பக்கம் பக்கமாக ஆங்கிலப் பத்திகளைப் படித்து விடை சொல்ல வேண்டும். தவறான விடைக்குக் கால் மார்க் கழிவு. தாய்மொழிகளிலும் நடத்துங்கள் என்று 2023-ல் டில்லி உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. இன்னும் ஆங்கிலம்தான் ஆட்சி செய்கிறது.

யாரும் வெளியே பேசாத தந்திரம் இன்னொன்று உண்டு. கிளாட் தேர்வு இப்போது டிசம்பரில் நடக்கிறது. பிளஸ் டூ முடிவோ மே மாதத்தில் வருகிறது. முடிவைப் பார்த்துவிட்டு "வக்கீல் ஆகலாமே" என்று நினைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு, ஐந்து மாதம் முன்னதாகவே கதவைச் சாத்தியாயிற்று! பதினோராம் வகுப்பிலேயே பணம் கட்டிப் பயிற்சிக்குப் போனவனுக்குத்தான் தேதி தெரியும். இது தற்செயலா? கேட்கிறோம், பதில் சொல்லுங்கள்!

தகுதி என்னும் பூச்சாண்டி

"திறமையைச் சோதிக்க வேண்டாமா?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். சோதிக்கலாம். ஆனால் சோதிப்பவர்களின் திறமை என்ன? 2024 டிசம்பரில் நடந்த கிளாட் தேர்வின் கேள்விகளிலேயே பிழைகள். மாணவர்கள் டில்லி உயர்நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். கடைசியில் 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தலையிட்டு மதிப்பெண்களைத் திருத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு முன் 2020-ல் பெங்களூர் நிறுவனம் பொதுத் தேர்வை உதறிவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் தனித் தேர்வு ஒன்றை அவசரமாக நடத்தியது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. அந்தத் தேர்வு செல்லாது என்று 2020 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்கள்தான் நமது பிள்ளைகளின் தகுதியை அளக்கப் புறப்பட்டவர்கள்!

"அரசுக் கல்லூரியில் தரம் இல்லை" என்பது அடுத்த வாதம். 1891-ல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவர்தான், 1957-ல் கேரளத்தின் முதல் மந்திரி சபையில் சட்ட மந்திரியாக இருந்து பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியான வி. ஆர். கிருஷ்ணய்யர். ஈரோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து 2013-ல் நாட்டின் தலைமை நீதிபதியான பி. சதாசிவமும் அங்கே படித்தவரே. 1993-ல் விருத்தாசலம் அருகே போலீஸ் காவலில் மாண்ட ஏழைத் தொழிலாளியின் மனைவிக்காக உயர்நீதிமன்றத்தில் வாதாடிய கே. சந்துருவும் அக்கல்லூரியின் மாணவர்தான். கிளாட் எழுதியா இவர்கள் வந்தார்கள்?

அரசுக் கல்லூரிகளில் குறை இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியர் இடங்களைக் காலியாகப் போட்டு வைத்தது யார்? விடுதிகளைக் கவனியாமல் விட்டது யார்? சர்க்கார்தான். பயிரைத் தண்ணீர் விடாமல் வாடவிட்டு, "இந்த மண் ஆகாது" என்பது என்ன நியாயம்?

நாம் சொல்லும் யோசனை

சட்டம் படிக்க விரும்பும் தம்பி தங்கைகளே! பயிற்சிக் கடைக்காரர்கள் மறைக்கும் செய்தி இதுதான்: தமிழ்நாட்டின் அரசுச் சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். எந்தப் பாடப் பிரிவு படித்திருந்தாலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வெளியிடும் அறிவிப்பைக் கவனியுங்கள். இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு வேறு விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் சேர்ந்துவிட்டது என்று இருந்து விடாதீர்கள்.

இங்கே 69 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. மீதி 31 சதவிகிதம் எல்லோருக்கும் பொது. அது வேறு யாருக்கோ ஒதுக்கியது என்று நினைக்க வேண்டாம். மதிப்பெண் உள்ள எந்தச் சாதிப் பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த சட்டத்தின்படி 7.5 சதவிகித முன்னுரிமை இருக்கிறது. அது சட்டப் படிப்புக்கும் பொருந்தும். படித்த பள்ளிகளின் சான்றுகளையும், சாதிச் சான்றிதழையும், வருமானச் சான்றையும் முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். தாலுகா ஆபீஸில் கடைசி நாளில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது நம் மக்களுக்குத் தெரியாததல்ல.

பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்து விட்டதா? மனம் உடைய வேண்டாம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம். ஆனால் எச்சரிக்கை! பத்தும் பன்னிரண்டும் முறையாகப் படிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை இந்திய பார் கவுன்சில் விதிகள் ஏற்பதில்லை. தபால் வழிச் சட்டப் பட்டத்தைக் கொண்டு வக்கீலாகவும் முடியாது. "வகுப்புக்கே வர வேண்டாம், பட்டம் கையில் கிடைக்கும்" என்று வெளிமாநிலக் கல்லூரியின் பெயரால் ஆள் பிடிப்பவனைக் கண்டால் பர்சைப் பிடித்துக்கொண்டு விலகுங்கள்.

ஆங்கிலம் கைவந்த பிள்ளை கிளாட்டும் எழுதட்டும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பல்கலைக்கழகங்களும் மக்கள் வரிப்பணத்தில் எழுந்தவையே. அவை நமக்கும் சொந்தம். ஏழைப் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதற்காகச் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் "ஐடியா" என்ற அமைப்பையே தொடங்கினார். அதன் உதவியை நாடலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: ஏழை உள்ளே நுழைய ஒரு தனி அமைப்பே வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கதவு யாருக்காகச் செய்த கதவு?

படித்து முடித்த பின்னும் கொள்ளை நின்றதில்லை. வக்கீலாகப் பதிவு செய்ய 1961-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் சொல்லும் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்களோ பதினைந்தாயிரம், நாற்பதாயிரம் என்று வசூலித்து வந்தன. அது சட்ட விரோதம் என்று 2024 ஜூலை 30-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மேல் எவர் கேட்டாலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள்.

கதவைக் காப்போம், பூட்டை உடைப்போம்

இது வெறும் படிப்பு விஷயமல்ல. கூலி பாக்கிக்காக நிற்கும் தொழிலாளியும், நிலத்தை விட்டு விரட்டப்படும் குத்தகை விவசாயியும், காவல் நிலையத்தில் அடிபட்ட தலித் இளைஞனும் கடைசியில் ஏறுவது முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் படிகளைத்தான். அங்கே சாட்சி பேசுவது தமிழில். அவன் பேச்சையும் அவன் பயத்தையும் புரிந்துகொள்ளும் வக்கீல் எங்கிருந்து வருவார்? பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தம் எழுதப் போகிறவர் அந்தப் படிகளில் ஏறுவாரா? ஏழை வீட்டிலிருந்து வக்கீல் வராத நாட்டில் ஏழைக்கு நீதி எப்படி வரும்?

தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை 2006-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்த மாநிலம் இது. நீட்டை எதிர்த்துத் தீர்மானம் போடும் மாநிலம் இது. அப்படியிருக்க, இந்த மாநிலமே 2012-ல் சட்டம் போட்டுத் திருச்சியில் தொடங்கிய தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் கிளாட்டுக்கு மட்டும் சிவப்புக் கம்பளம் ஏன்?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. கிளாட் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் நடத்து! பிளஸ் டூ முடிவுக்குப் பின் நடத்து! ஏழை மாணவரிடம் விண்ணப்பக் கட்டணமும் கலந்தாய்வுப் பணமும் வாங்காதே! அரசுச் சட்டக் கல்லூரிகளின் காலியிடங்களை நிரப்பு! விடுதிகளைக் கட்டு! நுழைவுத் தேர்வு இல்லாத வாசலை எக்காரணம் கொண்டும் மூடாதே!

மாணவர்களே! பெற்றோர்களே! திறந்திருக்கும் கதவு வழியாக இந்த ஆண்டே உள்ளே போங்கள். பூட்டிய கதவைத் திறக்க எல்லோரும் சேர்ந்து தட்டுவோம். கறுப்பு அங்கி எவன் வீட்டுச் சீதனமும் அல்ல!