கடிகாரமும் மோட்டார் பஸ்ஸும்

அசோகச் சக்கரவர்த்தி சாலையோரங்களில் மரம் நட்டார் என்பதை நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் தெரியாதவர் கிடையாது. பரீட்சையில் வேறு எந்தக் கேள்விக்கு விடை எழுதாவிட்டாலும் இந்த ஒன்றை எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தச் சாலைகளில் மோட்டார் பஸ் எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், பிள்ளைகள் விழிப்பது இருக்கட்டும், ஆசிரியர்களும் சேர்ந்து விழிக்க வேண்டியதுதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய சங்கதியில் நமக்குள்ள அக்கறை, நம்முடைய பாட்டனார் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு ஏறிய வண்டியின் சங்கதியில் இல்லை. ஆகவே இந்த வாரம் ஒரு பஸ் கம்பெனியின் சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்ல உத்தேசித்திருக்கிறேன். மதுரைச் சீமையில் 'டி.வி.எஸ்.' என்ற மூன்று எழுத்தால் பிரசித்தி பெற்ற கம்பெனி அது.

1912-ஆம் வருஷ வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அதன் பஸ் ஓடத் தொடங்கியது. இந்த இரண்டு ஊர்களின் நிலைமையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் வந்துவிட்டது. புதுக்கோட்டையோ, தொண்டைமான் மன்னரின் ஆளுகையில் இருந்த தனிச் சமஸ்தானம். சொந்தமாக அம்மன் காசு அடித்துக்கொண்ட சமஸ்தானம். அரண்மனை இருந்தது, கச்சேரி இருந்தது, கலாசாலை இருந்தது. ரயில் மட்டும் இல்லை. 1929-இல்தான் அது வந்து சேர்ந்தது. அதுவரையில் கந்தர்வகோட்டை வழியாக முப்பத்தைந்து மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தை மாட்டு வண்டியில்தான் கடக்க வேண்டும். மாடு மணிக்கு இரண்டரை மைல் நடக்கும் என்று வைத்துக்கொண்டாலும், கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதினாலு மணி நேரம் ஆகிறது. இதில் மாட்டுக்கு வைக்கோல் போடும் நேரமும், வண்டிக்காரன் வெற்றிலை போடும் நேரமும் சேரவில்லை. கட்டுச் சோறு கட்டிக்கொண்டு, முன்னிரவில் புறப்பட்டு, மறுநாள் பகலில் போய் இறங்கும் பிரயாணம். அந்தத் தூரத்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் கடக்கலாம் என்பது அன்றைய ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கம்பெனியை 1911-இல் ஆரம்பித்தவர் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், பாங்கி உத்தியோகம் எல்லாவற்றையும் பார்த்து விட்டுவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர். இந்த 1911 என்ற வருஷத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்னொரு சங்கதி ஞாபகம் வருகிறது. அதே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இன்னொரு வக்கீல், வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906-இல் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்ட வருஷமும் அதுதான். கடலில் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துச் சுதேசிக் கப்பலை மூழ்கடித்தது. ராஜாங்கம் பிள்ளையவர்களைச் சிறையில் வைத்தது. ஐயங்கார் அந்த வழியில் போனவர் அல்லர். அவர் தேசபக்தியின் பெயரால் பஸ் விட்டதாகச் சொன்னால் அது மிகை. இயந்திரமும் டயரும் பெட்ரோலும் அந்நிய நாட்டுச் சரக்குத்தான். ஆனாலும் வெள்ளைக்காரன் வந்து நடத்தினாலொழிய ஒரு வண்டி ஒழுங்காக ஓடாது என்று நம்மவர்களே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வண்டி ஒழுங்காக ஓடியது. இதைச் சிறிய காரியம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஒழுங்கு என்றேன். இந்தக் கம்பெனியின் கீர்த்தியே அதில்தான் இருக்கிறது. டி.வி.எஸ். பஸ் ஊரைக் கடந்து போவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்காதவர் இல்லை. இதில் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். பிரமாதம் உண்டு. ஆள் நிறைந்தால் வண்டி புறப்படும் என்பதுதான் வாடகை வண்டிக்காரனின் நியாயம். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான நியாயமுங்கூட. காலி இடத்தோடு புறப்படுவது கையிலிருக்கும் காசை வீதியில் எறிவதற்குச் சமானம். அப்படி எறிந்தாலும் பரவாயில்லை, குறித்த மணிக்குப் புறப்பட்டே தீருவது என்று ஒருவன் தீர்மானம் செய்தால், இன்றைய நஷ்டத்தைச் சகித்துக்கொண்டு நாளைய நம்பிக்கையை வாங்குகிறான் என்று அர்த்தம். பஸ் கம்பெனி விற்கிற சரக்கு உட்காரும் பலகை அல்ல, நேரம்.

தீர்மானம் செய்துவிட்டால் போதுமா? டயர் ஒத்துழைக்க வேண்டாமா? அந்நாளைய கப்பிச் சாலையில் மாட்டு வண்டிகள்தாம் அதிகம். மாட்டின் குளம்பில் அடித்த லாடத்திலிருந்து ஆணி கழன்று சாலையெங்கும் கிடக்கும். அது மோட்டார் டயரில் ஏறினால் நடுக்காட்டில் வண்டி நின்றுவிடும்; கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர்கள் ஏமாந்துபோவார்கள். இதற்குச் சுந்தரம் ஐயங்கார் கண்ட உபாயம் வேடிக்கையானது என்று சொல்வார்கள். ஒரு வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டிச் சாலையோடு ஓட்டி, கிடக்கும் ஆணிகளைப் பொறுக்கிவிடச் செய்தாராம். சாலை சர்க்காருடையது, ஆணி மாட்டுக்காரனுடையது, இரண்டும் தம்முடைய பொறுப்பல்ல என்று மனுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மனுப் போட்டிருந்தால் அந்தக் காகிதம் இன்னும் ஏதாவது ஒரு கச்சேரியில் இருந்துகொண்டிருக்கும்.

'சதர்ன் ரோட்வேஸ்' என்ற பெயரில் பஸ்களும் லாரிகளுமாகக் கம்பெனி பெருகியது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளிலும் பஸ் முதலாளிகள் பெருகினார்கள். இதைக் கண்டு கவலை கொண்டவர்கள் ரயில்வேக்காரர்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியை ஆராய 1932-இல் மிச்செல், கிர்க்னெஸ் என்ற இரு அதிகாரிகளை இந்திய சர்க்கார் நியமித்தது. பின்பு 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. எந்த வழியில் யார் பஸ் விடுவது என்பதற்குப் பெர்மிட் வேண்டும் என்று ஏற்பட்டது அந்தச் சட்டத்தால்தான். ரயிலைக் காப்பாற்றுவதும் அதன் உள்நோக்கங்களில் ஒன்று.

அதே வருஷத்தில் யுத்தமும் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. எண்ணெய் இல்லாத மோட்டார் வண்டி மாட்டு வண்டியைக் காட்டிலும் மட்டம். அப்போது டி.வி.எஸ். கம்பெனி கரியினால் பஸ்ஸை ஓட்டும் சாதனத்தைச் செய்தது. வண்டியோடு ஓர் இரும்பு அடுப்பு இணைந்திருக்கும். அதில் மரக்கரியைக் காற்றுப் போதாமல் எரித்தால் ஒரு வாயு உண்டாகிறது. அதை வடிகட்டிக் குளிர வைத்து இயந்திரத்துக்குள் செலுத்தினால் பெட்ரோலின் வேலையை அது ஓரளவு செய்கிறது. ஓரளவுதான். மேட்டைக் கண்டால் வண்டிக்கு மூச்சு வாங்கும். காலையில் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, கையால் காற்றாடியைச் சுற்ற வேண்டும். சாம்பலும் தூசியும் அடைத்துக்கொண்டால் கழுவ வேண்டும். சமையற்கட்டில் ஸ்திரீகள் நாள்தோறும் பட்ட அவஸ்தையை மோட்டார்த் தொழிலாளர் தெரிந்துகொள்ள அது ஒரு நல்ல சந்தர்ப்பம். ஆனால் பஸ் ஓடியது. கல்யாணத்துக்கும், கருமாதிக்கும், கோர்ட்டு வாய்தாவுக்கும் ஜனங்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

சுதந்திரம் வந்த 1947-இலேயே சென்னை நகரத்தில் சர்க்கார் பஸ் விட ஆரம்பித்தது. சுந்தரம் ஐயங்கார் 1955-இல் காலமானார். 1972-இல் தமிழக அரசு பெரிய பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது, மதுரையில் அறுபது வருஷமாக ஓடிய பஸ்கள் 'பாண்டியன் ரோட்வேஸ் கார்ப்பொரேஷன்' என்று பெயர் மாறின. பொள்ளாச்சி ஆனைமலை பஸ் கம்பெனிக்கும் அவ்வாறே ஆயிற்று. அங்கே வந்த பெயர் 'சேரன்'. முதலாளிகளின் இடத்தில் மூவேந்தர்கள் வந்து உட்கார்ந்தார்கள்! அவர்களும் 1997 வரையில்தான். அதன்பின் எல்லாம் ஒரே போக்குவரத்துக் கழகப் பெயரில் அடங்கின.

எடுத்துக்கொண்டது சரியா, தவறா? மதுரையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் காப்பி ஆறிப்போகும் வரையில் வாதம் நடக்கும். கம்பெனியின் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. கடிகாரத்தைத் திருப்பி வைக்கத் தக்க பஸ் ஒன்று இருந்தது என்பது பொய்யல்ல. ஆனால் தனியார் கம்பெனி பஸ் காசு விளையும் சாலையைத் தேடித்தான் போகும். நாலு பேரே ஏறும் குக்கிராமத்துக்கு வண்டி வந்தது பெரும்பாலும் சர்க்கார் கைக்கு மாறிய பிற்பாடுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இலவசப் பாஸைக் காட்டி ஏறுகிறார்களே, 2021 முதல் பெண்கள் சாதாரண நகரப் பஸ்களில் கட்டணமின்றிப் போகிறார்களே, இதை லாபக் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. எங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்களில் பாதிப் பேர் அந்தப் பாஸ் இல்லாவிட்டால் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பார்கள். எனக்குள்ள வருத்தம் வேறு. பஸ்ஸை எடுத்துக்கொள்ளச் சட்டம் போதும். காலி வண்டியாயினும் குறித்த மணிக்குப் புறப்படுகிற பிடிவாதத்தை எடுத்துக்கொள்ள எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

அந்தக் குடும்பத்தார் பஸ் போய்விட்டதே என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்காரவில்லை. பஸ்கள் கைமாறுவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1962-இல், கனமான வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்யும் தொழிற்சாலையைச் சென்னைக்கு அருகே பாடியில் தொடங்கியிருந்தார்கள். 1980-இல் ஹோசூரிலிருந்து 'டி.வி.எஸ். 50' என்ற மொபெட் வந்தது. பால்காரர் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் அதில்தான் வருகிறார். பஸ் வரும் நேரத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.